பூங்காவனத்தின் வெள்ளிக்கிழமை மேட்னி

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி. அங்கே எந்தப் படம் நல்ல படம், எது டப்பாப் படம் என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் பூங்காவனத்திடம் இருந்தது. யாரும் ஓட்டுப் போட்டு அவளை உட்கார வைக்கவில்லை. அவளும் நோட்டீஸ் அடித்து ஒட்டவில்லை. வாய் இருந்தது, போதாதா? அவள் ஒரு படத்தின் கதையை எடுத்துவிட்டால், சண்டை வருகிற இடத்தில் பக்கத்து மேஜையில்கூட மெஷின் வேகமாக ஓடும். அழுகை வருகிற இடத்தில் நூல் அறுந்துபோகும்.

அவளிடம் தீர்ப்பு மூன்றே மூன்றுதான். "தாராளமா பாக்கலாம்" என்றால் படம் முதல் தரம். "சோத்த ஆக்கி வச்சுட்டுப் பாக்கலாம்" என்றால் நடுத்தரம். "போஸ்டரே போதும்" என்றால் அந்தப் படத்தின் கதை அன்றோடு முடிந்தது. அதை எடுத்தவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அந்த ஷெட்டிலிருந்து ஒரு பொம்பளை அந்தப் படத்துக்குப் போகமாட்டாள்.

அஞ்சாவது மேஜையில் அவளோடு சேர்த்து ஐந்து பேர். பூங்காவனம் காலர் தைப்பாள். நாகவல்லி சட்டைக்குக் கை வைப்பாள், அவளுக்குப் படத்தில் அடிதடி இருக்க வேண்டும். வசந்தா பாக்கெட், அவளுக்கு அழுகை வேண்டும். வனஜா பட்டன் பட்டி தைப்பாள். கல்யாணம் ஆகாத பெண், பத்தாவது வரை படித்தவள், எதைச் சொன்னாலும் ஏன் எதற்கு என்று கேட்கிற சாதி. ஐந்தாவது குப்பம்மா, சட்டைக் கை நுனிக்குக் கஃப் தைப்பாள், எல்லாருக்கும் மூத்தவள். ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டிலிருந்து விடிகாலை ரயில் பிடித்து வருகிறவள். அவளுக்குப் படத்தில் இன்னது வேண்டும் என்று இல்லை. "உக்கார எடம் இருந்தா போதும்" என்பாள்.

இந்த ஐந்து பேருக்கும் வீட்டில் கிடைத்த உத்தரவு, வெயில் காலத்துக்கு ஒரு சினிமா. ஒன்றே ஒன்று. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து போவதானால். அந்த ஒன்று டப்பாவாகப் போய்விட்டால் அப்புறம் தீபாவளிவரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஒரு வருஷம் அப்படித்தான் யாரையும் விசாரிக்காமல் போய் உட்கார்ந்து, கதாநாயகன் மூன்று மணி நேரம் இருமி இருமிச் செத்ததைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வசந்தாவைத் தவிர மற்ற நாலு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு வந்தது. புதுப் படம் வந்தால் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் பூங்காவனம் வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிவிடுவாள். அன்றைக்கு அவள் தைக்க வேண்டிய மிச்சம் காலரை மற்ற நாலு பேரும் பங்கு போட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். பீஸ் கணக்கு வேலை. சாயங்காலம் காலர் எண்ணிக்கை சரியாக இருந்தால் சூப்பர்வைசர் திருவேங்கடம் யார் தைத்தது என்று கேட்கமாட்டார். சனிக்கிழமை காலையில் பூங்காவனம் முழுக் கதையையும் சொல்லித் தீர்ப்பும் சொல்வாள். திருவேங்கடமும் தையலைச் சோதிக்கிற மாதிரி ஒரு காலரைக் கையில் வைத்துக்கொண்டு, கதை முடிகிறவரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சும்மா சொல்லக் கூடாது, மூன்று வருஷம் அவள் நேர்மையாகத்தான் பார்த்தாள். டைட்டில் போடுவதிலிருந்து கடைசியில் கை கூப்புகிறவரை கண் இமைக்காமல் பார்த்து, பாட்டுக்குப் பாட்டு கதாநாயகி கட்டின புடவையின் பார்டர்வரை வந்து சொன்னாள். வம்பு வந்தது எண்பத்தாறாம் வருஷத்துக் கோடையில்.

அந்த வருஷம் மாமியார் வேம்புலியம்மாள் பங்குனியிலேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். மண்ணூர்பேட்டையில் அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் விடிகாலை மூன்று மணிக்குத்தான் வந்தது. வரிசையில் குடத்தைப் போட்டுவிட்டு, நாலு குடம் பிடித்து, மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்து, சோறு ஆக்கி, இரண்டு பிள்ளைகளையும் புருஷன் மணவாளனையும் எழுப்பிச் சோறு கட்டிக் கொடுத்து, எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டுக்குள் நுழைவாள். மணவாளன் கெட்டவன் இல்லை. எஸ்டேட்டிலேயே தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை, குடி கிடையாது, அடி கிடையாது. ஆனால் தண்ணீர்க் குடம் தானாக நடந்து வந்து வீட்டுக்குள் உட்காருகிறது என்று நம்புகிற ஆள்.

சித்திரை ஒன்றாம் தேதி ஊரெல்லாம் நாலு படம் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை இரட்டை வேடப் படம். கதாநாயகன் டாக்டராகவும் வருகிறான், திருடனாகவும் வருகிறான். பூங்காவனம் பஸ் பிடித்துப் போய், லேடீஸ் கியூவில் நின்று இடிபட்டு, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தாள். உள்ளே இருட்டு. தலைக்கு மேல் பெரிய ஏர்கூலர். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே கன்னத்தில் ஜில்லென்று காற்று. முதலில் நியூஸ் ரீல் போட்டான். எங்கேயோ கோதுமை அறுக்கிறார்கள். அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்து அவள் கேட்டது படபடவென்று சீட்டு மடங்குகிற சத்தம். கண்ணைத் திறந்தால் ஜனமெல்லாம் எழுந்து வெளியே போகிறது. இடைவேளை போலிருக்கிறது என்று நினைத்தாள். திரையைப் பார்த்தால் வணக்கம் போட்டிருந்தான்.

அங்கே நாலு பேர் கழுத்து வலிக்க அவளுக்காகக் காலர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் இங்கே வந்து கோதுமையைப் பார்த்துவிட்டுப் போகிறாள்! ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். எழுந்து நின்றபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. கண் எரியவில்லை. பின்மண்டையில் ஒரு மாசமாக உட்கார்ந்திருந்த வலியைக் காணோம். மூன்று மணி நேரம் அவள் பேரை யாரும் கூப்பிடவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அப்படித் தூங்கின ஞாபகமே அவளுக்கு இல்லை.

வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கிற ஆள் நின்றுகொண்டிருந்தான். பூங்காவனம் ஒன்று வாங்கினாள். பாட்டோடு முதல் பக்கத்தில் கதைச் சுருக்கமும் போட்டிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். டாக்டர் யார், திருடன் யார், இரண்டு பேரும் எந்தத் திருவிழாவில் பிரிந்தார்கள் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. கடைசியில் டாக்டரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டு நிறுத்திவிட்டான், பாவி.

மீதியைப் பூங்காவனமே பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் நாகவல்லிக்காக சைக்கிள் செயினோடு ஒரு சண்டை வைத்தாள். வசந்தாவுக்காக அம்மாவைக் கண் தெரியாதவளாக ஆக்கினாள். திருடன் கையிலிருந்த மச்சத்தைத் தடவிப் பார்த்து அம்மா அடையாளம் கண்டுபிடித்த இடத்தில் திருவேங்கடம் காலரைக் கீழே போட்டுவிட்டார். தீர்ப்பு, "சோத்த ஆக்கி வச்சுட்டுப் பாக்கலாம்." பார்க்காத படத்துக்குத் தாராளம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அந்த அளவுக்கு நீதி நியாயம் உள்ளவள்.

அடுத்த வெள்ளி போலீஸ் படம். இந்த முறை தூங்கவே கூடாது என்று சபதம் போட்டுக்கொண்டுதான் போனாள். கோதுமையைத் தாண்டிவிட்டாள். டைட்டிலில் கதாநாயகன் பேர் வரைக்கும் பார்த்தாள். அதற்கப்புறம் அதே சீட்டுச் சத்தம்தான். அன்றைக்கு வாசலில் பாட்டுப் புத்தகமும் தீர்ந்துபோயிருந்தது. என்ன செய்வாள்? சனிக்கிழமை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போஸ்டரே போதும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நாகவல்லி விடாமல் காரணம் கேட்டதற்கு, அதையெல்லாம் வாயால் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்றாள். அந்தப் படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. தெருவெல்லாம் பிள்ளைகள் அந்த மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தன. நாகவல்லி அந்தப் படத்தை இன்றுவரை பார்க்கவில்லை. அந்தப் பாவம் பூங்காவனத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது வெள்ளி பாம்புப் படம். இந்தத் தடவை புத்தி வந்தவளாய், உள்ளே போவதற்கு முன்பே பாட்டுப் புத்தகத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம் சபதம் கிபதம் எதுவும் போடவில்லை. செருப்பைக் கழற்றி, காலை முன்சீட்டுக் கம்பியில் வைத்து, கோதுமை வருவதற்குள் தூங்கிப்போனாள். வாரம் முழுக்க அவள் அந்த மூன்று மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் குடம் தூக்கினாள். வெள்ளிக்கிழமை வரும், வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்தாள்.

ஆனால் பாம்புப் படத்தில் மாட்டிக்கொண்டாள். புருஷனைக் கொன்றவனைப் பழி வாங்க வந்த நாகராணி, அவன் வீட்டுக் குழந்தையைப் பார்த்து மனசு இளகி, போய்த் தொலை என்று விட்டுவிட்டு மலைக்குத் திரும்பிப் போனதாகக் கதையை முடித்திருந்தாள். வசந்தா மூக்கை உறிஞ்சினாள். திங்கட்கிழமை வனஜா வந்து, தன் அண்ணன் தேவராஜ் பூந்தமல்லியில் அதே படத்தைப் பார்த்ததாகவும், அதில் நாகராணி ஒருத்தனை விடாமல் ஏழு பேரையும் கொத்திப் போட்டதாகவும் எல்லார் எதிரிலும் சொன்னாள்.

மெஷினெல்லாம் நின்றது. பூங்காவனத்தை அப்போதும் வாய் கைவிடவில்லை. பூந்தமல்லியிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அங்கே எல்லாப் படத்திலும் கடைசி ரீலை வெட்டிவிடுவான், உங்கண்ணன் பார்த்தது பாதிப் படம், மலைக்குத் திரும்புகிற சீனை அவன் பார்த்திருக்கவே மாட்டான் என்றாள். குப்பம்மாவும், ஆமாம், வெட்டுவானுங்கதான், ஆவடியிலும் ஒரு தடவை கல்யாணத்தையே வெட்டிவிட்டான் என்று சாட்சி சொன்னாள். வனஜா நம்பவில்லை என்பது அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்த விதத்திலேயே தெரிந்தது.

"சரிக்கா. அடுத்தது நீ எந்தப் படம் சொல்றியோ, அத எல்லாரும் சேந்து பாக்கப் போறோம் இல்ல? நீ சொன்ன மாதிரி இல்லன்னு வச்சுக்கோ, அடுத்த வாட்டியிலேர்ந்து வெள்ளிக்கிழமை நான் போறேன். நீ ஒக்காந்து காலர் தெய்யி" என்றாள் வனஜா.

பூங்காவனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேர் கெட்டுப்போவதைப் பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவாகக் கவலை இல்லை. படம் சொல்வதை விட்டுவிட்டால் உயிரா போய்விடும்? ஆனால் வெள்ளிக்கிழமை போய்விட்டால் அந்த மூன்று மணி நேரம் போய்விடும். அந்த இருட்டும் காற்றும் போய்விடும். ஞாயிறு முதல் சனிவரை ஒரே நாளாக நீண்டுவிடும். அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாலாவது படம் ஒரு குடும்பப் படம். அந்த வெள்ளிக்கிழமை எப்படியாவது முழித்திருந்து பார்த்துவிடுவது என்று போனாள். முடியவில்லை. பாதிக் காலரை முந்தின நாளே இழுத்துப் போட்டுத் தைத்திருந்த களைப்பு வேறு. பாட்டுப் புத்தகத்தில் கதை இப்படி இருந்தது: பெரிய குடும்பம், மூத்த மருமகள் ஒருத்தி ஓடி ஓடி எல்லாருக்கும் வேலை செய்கிறாள். கடைசியில் அவள் மேலேயே பழியைப் போட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். மீதியை வெள்ளித்திரையில் காண்க.

சனிக்கிழமை காலை அவள் சொல்ல ஆரம்பித்தபோது, எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று அவளுக்கே தெரியாது. மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வாய் தானாகப் பேசியது. அவள் நேரே ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்றது. வீட்டில் பத்து நாள் அடுப்பு எரியவில்லை என்றது. குடம் காலியாக உருண்டது. மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை. புருஷன் சட்டையில் பட்டன் இல்லை. பதினோராம் நாள் புருஷன், மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் கம்பெனி கேட்டில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வசந்தா கேட்டாள், அவள் மன்னித்துவிட்டாளா, கூடப் போனாளா என்று.

"போனா. ஆனா ஒரு கண்டிசன் போட்டா. நாயித்துக்கெயம சோறு துன்னதுக்கு அப்பால பொழுது சாயற வரைக்கும் என்னிய ஒருத்தரும் கூப்புடக் கூடாது. நான் தூங்குவேன். செத்தா கூட எய்ப்பக் கூடாது. சம்மதம்னா வர்றேன், இல்லன்னா இப்டியே போய்கினு இருங்கன்னா. அல்லாரும் தலைய ஆட்னாங்க. கடசி சீன்ல அவ தூங்கறா. வேற ஒண்ணும் இல்ல. தூங்கறா, அவ்ளோதான். அதோட வணக்கம்."

நாகவல்லி சண்டை எங்கே என்று கேட்கவில்லை. திருவேங்கடம் காலரை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துபோனார். குப்பம்மா மட்டும், பேரனுக்குக் காது குத்துகிறமாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்டாள், இன்னா தீர்ப்பு என்று. பூங்காவனம் குனிந்தபடியே, தாராளமா பாக்கலாம் என்றாள். அந்தக் கோடையின் ஒரே படம் அதுதான் என்று முடிவாகிவிட்டது.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கம்பெனியில் ஷிப்மெண்ட் வேறு. கப்பல் போய்விடும், கப்பல் போய்விடும் என்று திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டு எல்லாரையும் வாரம் முழுக்க ஓவர்டைமுக்குப் பிடித்துவைத்துவிட்டார். ஐந்து பேரும் ராத்திரி எட்டரைக்குக் கம்பெனியை விட்டு, விடிகாலை மூன்று மணிக்குக் குடத்தோடு நின்றார்கள். குப்பம்மா ரயிலில் தூங்கிப்போய் ஒரு நாள் சென்ட்ரல்வரை போய்விட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தியேட்டரில் கூடினார்கள். பூங்காவனம் தலைவலித் தைலப் புட்டி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். இன்றைக்கு மட்டும் கண்ணை மூடிவிட்டால், இத்தனை நாள் என்ன நடந்தது என்று வனஜாவுக்கு அங்கேயே தெரிந்துபோகும். நாலு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, கடைசியில் வனஜா, அவள் பக்கத்தில் இவள். விளக்கு அணைந்ததும் தைலத்தைத் தொட்டு இரண்டு கண்ணுக்கும் கீழே இழுத்துவிட்டாள். அடேயப்பா! கண்ணில் நெருப்பு வைத்த மாதிரி கொட்டியது தண்ணீர். வசந்தா எட்டிப் பார்த்து, கோதுமைக்கே அழுகிறாளே, படம் பயங்கர சோகம்போல என்று நாகவல்லியிடம் சொன்னாள்.

படம் ஓடியது. பூங்காவனம் தைலமும் கண்ணுமாகப் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. இடைவேளையில் வனஜா, இதுவரை சரிதான், மிச்சத்தைப் பார்ப்போம் என்று முறுக்கைக் கடித்தாள். இடைவேளை முடிந்து மருமகள் பெட்டியைத் தூக்கினாள். இதோ தெரியப்போகிறது, இதோ, என்று பூங்காவனம் மெல்லத் திரும்பி நாலு பேரையும் பார்த்தாள்.

குப்பம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் வசந்தா. வசந்தாவின் மேல் நாகவல்லி, கையில் பிடித்த கடலைப் பொட்டலம் பிரித்தபடியே இருந்தது. வனஜா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள், அந்த ராங்கிக்காரி.

பூங்காவனம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து வேறு ஒன்று வந்தது. தான் ஒருத்திதான் செத்துச் சுண்ணாம்பாகிறோம் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே, இதுங்களும் அதே மூணு மணிக்குத்தானே எழுந்திருக்குதுங்க, தங்கள் வேலையோடு என் காலரையும் சேர்த்துத்தானே தைத்துத் தொலைத்தன என்று தோன்றியது. வெட்கமாகப் போய்விட்டது அவளுக்கு. குப்பம்மாவின் நழுவின முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள். இந்தத் தடவை கண்ணில் வந்த தண்ணீர் தைலத்தால் வந்தது இல்லை.

அந்தக் கோடையில் அவள் முழுசாகப் பார்த்த ஒரே படம் அது. மகா மட்டமான படம். துரத்தப்பட்ட மருமகள் தையல் கம்பெனிக்கும் போகவில்லை, ஒரு கம்பெனிக்கும் போகவில்லை. கோயில் கோயிலாக உருண்டாள், நெருப்பு மிதித்தாள். கடைசியில் திரும்பி வந்து, செய்யாத தப்புக்குப் புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் காப்பி போட்டாள். மாமியார் காப்பியைக் குடித்துவிட்டுக் கண் கலங்கினாள். வணக்கம். இதை எழுதினவன் கையில் கிடைத்தால் அவனை மூன்று மணிக்குக் குடத்தோடு நிற்க வைக்க வேண்டும் என்று பூங்காவனத்துக்கு ஆத்திரமாக வந்தது.

சீட்டு மடங்குகிற சத்தத்தில் மூன்று பேர் திடுக்கிட்டு எழுந்தார்கள். வனஜா எழவில்லை, அவள் ஏற்கெனவே முழித்துக்கொண்டுதான் இருந்தாள். எப்போது முழித்தாளோ, காப்பி போடுகிற சீனை அவள் பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வெயிலில் வந்து நின்றார்கள். கன்னத்தில் சீட்டு ரெக்சின் தடத்தோடு நாகவல்லி, "அப்டியே நீ சொன்ன மாதிரியே எட்த்துக்கிறான்க்கா" என்றாள். வசந்தா, அந்தக் கேட்டில் வந்து நின்ற சீனில் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள். குப்பம்மா, கடைசியில் அந்தப் பெண் தூங்கினது எவ்வளவு அழகு, குழந்தை மாதிரி என்றாள். சொல்லிவிட்டு மூன்று பேரும் வனஜாவைப் பார்த்தார்கள். பந்தயம் கட்டினவள் அவள்தானே, அவள்தான் சொல்ல வேண்டும்.

வனஜா பூங்காவனத்தின் வீங்கிச் சிவந்த கண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா சொன்னதேதான்" என்றாள். "ஒரு வார்த்தை மாறல."

திங்கட்கிழமை கம்பெனியில் மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு பக்கத்து மேஜைக்குக் கதை சொன்னார்கள், கண்டிசன் போட்ட இடத்தை மட்டும் மூன்று தடவை. வனஜா பட்டன் பட்டியை மடித்தபடி பூங்காவனத்தின் காதருகே வந்து, படத்தில்தான் தப்பாக எடுத்துவிட்டான் என்று மட்டும் சொன்னாள். பூங்காவனம் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

வைகாசியில் இன்னொரு புதுப் படம் வந்தது. வியாழக்கிழமையே நாகவல்லி காலரைப் பங்கு பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். பூங்காவனம் அந்தக் கட்டைப் பிடுங்கித் தன் மெஷினில் வைத்துக்கொண்டாள். இந்த வெள்ளிக்கிழமை குப்பம்மா அக்கா போகட்டும், கஃப்பை நாம் தைத்துக்கொள்வோம், அடுத்தது நாகவல்லி, அப்புறம் வசந்தா, அப்புறம் வனஜா, கடைசியில் நான் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் பிசிறியது. மூன்று மணி நேரத்தை ஐந்தாகப் பங்கு போட்டுக் கொடுப்பது லேசான காரியமா?

குப்பம்மா பயந்துவிட்டாள். தனக்குக் கதை சொல்லவே வராது, கோழி கூவின கதையைக்கூடத் தப்பாகத்தான் சொல்வேன், ஆளை விடு என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீ இன்னாத்துக்குக்கா சொல்ற? போம்போதே வாசல்ல பாட்டுப் பொஸ்தகம் ஒண்ணு வாங்கி முடிஞ்சிக்கோ. உள்ள போயி காலை நீட்டி ஒக்காரு. கோதுமை வரும். அதுக்கு மேல நீ ஒண்ணும் பாக்க வேணாம். மீதிய நான் பாத்துக்கறேன்."

மூன்று பேரும் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். டாக்டரும் திருடனும் நாகராணியும் அவர்கள் கண்ணில் ஒவ்வொருவராக வந்து போனார்கள். நாகவல்லிக்குப் போலீஸ் படம் ஞாபகம் வந்தது, அவள் வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னாள். அப்புறம் அவளே முதலில் சிரித்தாள். குப்பம்மாவுக்குத்தான் கடைசியில் விளங்கியது. விளங்கியதும் அவள் சிரிக்கவில்லை. பூங்காவனத்தின் தாடையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, பாட்டுப் புத்தகம் எந்தப் பக்கம் விற்கிறான் என்று விசாரித்தாள்.

சனிக்கிழமை காலை திருவேங்கடம் வழக்கம்போல ஒரு காலரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். இந்தத் தடவை குப்பம்மா போய்விட்டு வந்தாளாமே, படம் எப்படி என்று கேட்டார். அவள் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது. இருபது வருஷத்தில் ஷெட்டில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"கதைய அதோ அது சொல்லும் சார்" என்று பூங்காவனத்தைக் கை காட்டினாள். "ஆனா படம் மட்டும் சூப்பர். இன்னொரு வாட்டி கூடப் பாக்கலாம்."